ஒன்று என்று எழுதிய நாட்கள்

எனக்கு அந்த வேலை கிடைத்ததே பருப்பினால்தான். பெரம்பலூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நேர்காணல் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். கடின நீர் என்றால் என்ன என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் பி.யு.சி.யில் வேதியியல் படித்துத் தேறியவன். ஆனாலும் புத்தகத்தில் இருந்த விடை அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது, பருப்புக்கு மட்டும் அம்மா ஏரித் தண்ணீர் எடுத்து வருவாள், கிணற்றுத் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவில் வெள்ளையாகப் படிந்திருப்பதை உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும், அந்த மாதிரித் தண்ணீர்தான் என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. இவனைத் தண்ணிக்குப் போட்டுக்கலாம் சார் என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே இருந்தது. அப்பா கடலையும் பருத்தியும் போடுகிறவர். தொடர்ந்து இரண்டு வருடம் மழை பொய்த்திருந்தது. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறவன் என்ற பெயரோடு நானும் அந்த இரண்டு வருடத்தைக் கழித்திருந்தேன். சிமெண்ட் ஆலைக்கு மனு போட்டுப் பார்த்தாகிவிட்டது. கூட்டுறவு சங்கத்துக்கு ஆள் வைத்துக் கேட்டாகிவிட்டது. இந்த நிலையில் வெளிநாட்டில் இன்ஜினியராக இருந்து திரும்பிய ஒருவர், பின்தங்கிய பகுதிக்கு அரசு தருகிற சலுகையை நம்பி, பெரம்பலூர் பக்கம் டயோடு செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். ஊரில் கேட்டவர்களிடம் செமிகண்டக்டர் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா டீக்கடையில் ரேடியோ கம்பெனி என்று சொல்லிவிட்டார். அதுவே நிலைத்தது.

தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அரியலூர் சாலையில் ஓடு போட்ட நீளமான ஒரு கட்டடம். முப்பது பேர். பம்பாயிலிருந்து பஞ்சில் பொதிந்து வரும் சிலிக்கான் வில்லைகளை அரிசியளவுத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் கம்பி பற்றவைப்பார்கள். பிறகு அதை ஆசிட்டில் முக்கி, தண்ணீரில் அலசி, உலர்த்தி, மேலே கறுப்பாக மூடி வார்ப்பார்கள். அதுதான் டயோடு. மின்சாரத்தை ஒரு பக்கமாகப் போகவிடும், திரும்பி வர விடாது. திரும்பி வரவிட்டால் அது குப்பை. ஆசிட்டுக்குப் பிறகு அலசுகிற தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் போதும், அது சிலிக்கானின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மின்சாரம் கசிய வழி செய்துவிடும். அதனால் மற்ற எதையும்விட அங்கே தண்ணீர் முக்கியம். சுண்ணாம்புக் கல் பூமியில் போர் போட்டு எடுத்த தண்ணீரில், உப்பே இல்லாத தண்ணீரைச் செய்ய வேண்டும்.

அது என் வேலை. கட்டடத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆளுயரத்துக்கு இரண்டு உருளைகள். உள்ளே ரெசின் என்று தேன் நிறத்தில் ரவை போன்ற மணிகள். போர் தண்ணீர் அவற்றின் வழியாக இறங்கும்போது உப்பையெல்லாம் அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து நிரம்பிப்போனால், ஓர் உருளையை ஆசிட்டாலும் இன்னொன்றைக் காஸ்டிக் சோடாவாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். வெளியே வரும் தண்ணீரில் எவ்வளவு உப்பு மிச்சம் இருக்கிறது என்று ஒரு மீட்டர் காட்டும். முள் ஒன்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் லைனை நிறுத்த வேண்டும். மணிக்கு ஒருமுறை அதைப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுதி என் கையெழுத்தைப் போட வேண்டும். ஆறு மாதம் தற்காலிகம், வேலை பிடித்திருந்தால் பிறகு நிரந்தரம் என்று உத்தரவில் இருந்தது.

முதல் நாள் என்னை எல்லா அறைக்கும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஆசிட் ரூமில் வெள்ளைக் கோட்டும் தலையில் வெள்ளைத் துணியும் ரப்பர் கையுறையுமாக நான்கு பெண்கள் தொட்டிகளின் முன்னால் நின்றிருந்தார்கள். கடைசித் தொட்டியில் நின்றவள் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் கழித்துத்தான் அடையாளம் தெரிந்தது. எங்கள் ஊர்க் காலனிப் பெண். அவளுடைய அப்பா எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அம்மா பருத்தி எடுக்க வருவார். எங்கள் ஊர்க் காலனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

ஊரில் அவளுடைய அப்பா என்னைச் சின்னவரு என்பார். எனக்குப் பத்து வயது இருக்கும்போதே அப்படித்தான். இங்கே என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் கூப்பிடவே இல்லை. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் கொட்டகை வாசலில் வந்து நின்று, தண்ணி கம்மியா வருது என்று காற்றிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவாள். பிறகு ஒருநாள் மற்றப் பெண்களைப் போலவே அண்ணே என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன என்று சாதாரணமாகக் கேட்டேன். அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. ஆனால் தொழிற்சாலைக் கேட்டுக்கு வெளியே அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தோம். சாலையில் இறங்கியதும் நான் முன்னால் நடப்பேன். ஊர்க்காரர் யாராவது சைக்கிளில் எதிரே வந்தால், அவள் ஒதுங்கி நின்று, நான் தொலைவு போன பிறகு நடப்பாள். அவளை அப்படிச் செய்யச் சொன்னது யாரும் இல்லை. செய்ய வேண்டாம் என்று நானும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சோறு எங்கே வைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். ஆண்களுக்குத் தனி இடம் என்றேன். அது உண்மைதான். ஆனால் குடிதண்ணீர்ப் பானை எல்லோருக்கும் ஒன்று. அதை நான் சொல்லவில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. சூப்பர்வைசரே சொல்வார். அவர் பெங்களூரில் பெரிய தொழிற்சாலையில் இருந்துவிட்டு, மூச்சிரைப்பு அங்கே குளிரில் தாங்கவில்லை என்று இங்கே வந்தவர். இரண்டு பெண் பிள்ளைகள். யாரையும் அதட்டிப் பேசாதவர். எத்தனை வினாடி முக்க வேண்டும், எத்தனை முறை அலச வேண்டும் என்று ஒரு முறை சொன்னால் அவள் மாற்றுவதில்லை என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இதை இப்போது எழுதும்போது, அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தேதான் அவரும் பின்னால் எல்லாம் செய்தார் என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

பங்குனி பிறந்ததும் போரில் தண்ணீர் கீழே போனது. கீழே போகப் போக உப்பு கூடியது. பத்து நாளுக்கு ஒருமுறை கழுவிய ரெசினை ஐந்து நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டியதாயிற்று. ஆசிட் அதே அளவுக்குச் சீக்கிரம் தீர்ந்தது. கடைசி ஜாடி பாதிக்கு வந்தபோதே நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். எழுதிப் போடுகிறேன் என்றார். ஜாடி காலியான அன்று மறுபடி சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. எழுதிப் போட மறந்திருந்தார். திருச்சியிலிருந்து ஆசிட் வர எப்படியும் பத்து நாள் ஆகும். அந்த மாதம் ஒரு பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முள் ஒன்றைத் தாண்டியது. பத்து மணிக்கு ஒன்றே முக்கால். நான் ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரைப் பார்த்தார். கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணுன்னே போட்டுக்க" என்றார்.

"சார், ரெண்டு கிட்ட இருக்குது சார்."

"தெரியுது. ரெண்டுனால ஒண்ணும் ஆயிடாது, பெங்களூர்லயே ஓட்டிருக்கோம். ஆசிட் வந்ததும் சரி பண்ணிடலாம். லைன நிறுத்துனா ஏன் நிறுத்துனேனு முதலாளி கேப்பாரு. நான் என்னானு சொல்லுவேன்?"

அவர் மூச்சு இரைத்தது. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நான் ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இன்னும் இரண்டு மாதத் தற்காலிகம் பாக்கி இருந்தது. மேலதிகாரி சொல்கிறார், அவருக்குத் தெரியாததா என்றுதான் நினைத்தேன். பதினொரு மணிக்கும் ஒன்று என்று எழுதினேன். அந்த வாரக் கடைசியில் முள் ஆறில் நின்றது. ரிஜிஸ்தரில் மேலிருந்து கீழாக ஒன்று, ஒன்று, ஒன்று என்று என் கையெழுத்தோடு போய்க்கொண்டிருந்தது. சந்தேகம் வரக் கூடாதே என்று நடுவில் ஒரு இடத்தில் புள்ளி ஒன்பது என்று நானாகவே எழுதினேன். அதை யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் கொட்டகைக்கு வந்தாள். கையில் ஒரு கண்ணாடிக் குவளை. வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். உள்ளே காய்ந்த தண்ணீரின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு.

"அண்ணே, இது முன்னாடி இப்படி இருக்காது. காஞ்சா பளிச்சுனு இருக்கும். ரெண்டு மூணு நாளா இப்படித்தான் வருது. தண்ணிய கொஞ்சம் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். சூப்பர்வைசரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். நானே சொல்லிக்கொள்கிறேன், நீ போய் வேலையைப் பார் என்றேன். அவள் குவளையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள். நான் போய்ச் சொன்னதற்கு சூப்பர்வைசர், இன்னும் நாலு நாள் பொறுத்துக்க என்று மட்டும் சொன்னார்.

நாலு நாள் பொறுக்க முடியவில்லை. சோதனை அறையில் பத்துக்கு நான்கு டயோடுகள் கசிய ஆரம்பித்தன. பிறகு பத்துக்கு ஏழு. முந்தின வாரம் அனுப்பிய சரக்கும் அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தது. சென்னையில் இருந்த முதலாளி விஷயம் தெரிந்து மறுநாளே காரில் வந்து இறங்கினார்.

ஆசிட் ரூமில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த நான்கு பெண்களையும் முதலாளி வரிசையாக நிறுத்தினார். நானும் சூப்பர்வைசரும் ஓரமாக நின்றோம். கையுறையைக் கழற்றச் சொல்லி நகத்தைப் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒவ்வொருத்தியையும் கேட்டார். மற்ற மூவரும் தெருப் பெயரைச் சொன்னார்கள். இவள் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னாள். தெரு என்று மறுபடி கேட்டார். காலனி என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவர் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. காலையில் குளித்துவிட்டுத்தானே வருகிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவளிடம் மட்டும் கேட்டார்.

அவள் குளித்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சொன்னாள். பிறகு நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், தண்ணி சரியில்ல சார். ஒரு வாரமா குவளையில வெள்ளையா படியுது. நான் அண்ணன்கிட்டயும் சொன்னேன்."

அண்ணன் என்று அவள் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார். கொட்டகைக்குப் போய் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வர ஐம்பது அடி தூரம் இருக்கும். அந்த ஐம்பது அடியில் நான் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றுமே நினைக்கவில்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். எல்லாம் ஒன்று, ஓர் இடத்தில் மட்டும் புள்ளி ஒன்பது.

"என்னப்பா, ரீடிங் இதுதானே?"

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமா சார். ஒண்ணுதான்" என்றேன்.

"இந்தப் பொண்ணு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"ஞாபகம் இல்ல சார்."

தன் தப்பை மறைக்க அடுத்தவர்மேல் பழி போடுகிறவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள் என்று முதலாளி சொன்னார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அழவில்லை. அன்று சாயங்காலப் பஸ்ஸில் அவள் இல்லை. எந்தப் பஸ்ஸில் போனாள், நடந்தே போனாளா, தெரியாது. குடிதண்ணீர்ப் பானையை அன்றே யாரோ கவிழ்த்துவிட்டுப் புதுப் பானை வாங்கி வைத்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவளுடைய அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா அங்கே போய்ப் பேசினார். நானும் பின்னால் போனேன்.

"சின்னவரு அங்கதான் வேலையில இருக்காங்க. ஒரு வார்த்த சொன்னாங்கன்னா மறுக்கா எடுத்துக்குவாங்க. புள்ள ஒழுங்காத்தான் செஞ்சேங்குது. அவுங்களுக்கே தெரியுமாம்."

அவள் வீட்டில் என்ன சொல்லியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பொய் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அப்பா, அவனே புதுசா சேர்ந்தவன், அவன் பேச்ச யாரு கேப்பா என்றார். நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். குவளையைக் காட்டியபோது அவளிடம் சொன்ன அதே வார்த்தை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. அவள் போன நாலாம் நாள் ஆசிட் லாரி வந்தது. நானும் சூப்பர்வைசரும் ரெசினைக் கழுவினோம். முள் அரைக்கு இறங்கியது. டயோடுகள் சுத்தமாக வந்தன. அந்தப் பொண்ணு போனதும் லைன் எப்படி ஓடுது பாருங்க என்று ஆசிட் ரூமில் பேசிக்கொண்டார்கள். முதலாளிகூட அதை ஒரு நிரூபணம்போலச் சொன்னார். அந்தப் பேச்சு எங்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அவ கைபட்டு ரேடியோ எல்லாம் கெட்டுப்போச்சாம் என்று டீக்கடையில் சொன்னார்கள். அப்பா அதைச் சிரித்துக்கொண்டே வீட்டில் வந்து சொன்னார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

ஆறு மாதம் முடிந்ததும் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதைக் கையில் வாங்கியபோது ஒரு சந்தோஷமும் இல்லை. அம்மா கலியபெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள் என்று கல்லங்குறிச்சிக் கோயிலுக்கு எல்லோரும் போய் வந்தோம். நான் சந்நிதியில் கண்ணை மூடவே இல்லை. மூடினால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு வந்துவிடும்.

சூப்பர்வைசரிடம் முதலில் பேசினேன். போய்ச் சொல்லிவிடலாம் சார் என்றேன். அவர், சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும், உனக்கு நிலம் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் உன்னைத் தடுக்கவில்லை என்றும் சொன்னார். அது தடுத்ததைவிட மோசமாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் போனது. முதலாளி அடுத்த முறை வந்தபோது அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட் தீர்ந்தது, முள் ஆறுக்குப் போனது, நான் ஒன்று என்று எழுதியது, அவள் குவளையைக் கொண்டுவந்து காட்டியது. சூப்பர்வைசரின் பெயரை முடிந்தவரை சொல்லாமல் சொன்னேன். ஆனாலும் முதலாளிக்குப் புரிந்திருக்கும்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது உண்மைனே வச்சுக்குவோம். அந்தப் பொண்ண திரும்பக் கூப்பிட்டா, நான் தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம். மத்த பொண்ணுங்க இப்ப ஒழுங்கா இருக்காங்க. எதுக்கு அத கலைக்கணும்? இனிமே ரீடிங்க ஒழுங்கா எழுது. போ."

அவ்வளவுதான். எனக்கு வேலை போகவில்லை. சூப்பர்வைசருக்கும் போகவில்லை. ஆசிட் ஜாடிகள் அதற்குப் பிறகு எப்போதும் நாலு கூடுதலாக இருந்தன. வேலை போயிருந்தால் மனம் ஆறியிருக்குமோ என்னவோ. நான் முதலாளியிடம் சொல்லிவிட்டேன், என் பங்கைச் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். சில வருடங்கள் அதுவே போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டு டயோடுகள் மலிவாக வர ஆரம்பித்து, தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள் ஓடி, பிறகு நின்றது. நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போனேன். கல்யாணமும் ஆகியிருந்தது. ஒருநாள் ஏதோ சான்றிதழுக்காக அரியலூரில் யூனியன் ஆபீசுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் சத்துணவு அமைப்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்து பதிவேடுகளை வைத்துக் காத்திருந்தார்கள். அவர்களில் அவள் இருந்தாள். ஜெயங்கொண்டம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள் என்று ஊரில் கேள்விப்பட்டிருந்தேன். அவளே முதலில் பார்த்தாள். நல்லாருக்கீங்களா என்று கேட்டாள். அண்ணே என்று சொல்லவில்லை. சின்னவரு என்றும் சொல்லவில்லை.

நான் உட்காராமலே நின்றேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஆரம்பித்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதலாளியிடம் உண்மையையெல்லாம் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

"எப்ப சொன்னீங்க?"

"நீ போயி மூணு மாசம் இருக்கும்."

"அப்ப எங்கப்பா உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னப்பறம்தான்."

ஆமாம் என்றேன். அவள் பதிவேட்டை மடியில் வைத்து அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவளைப்போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"முதலாளிகிட்ட சொன்னீங்க. ஊருல சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்கு அந்த வேல போனதுகூட பெருசு இல்லீங்க. வேற வேல பாத்துக்கிட்டேன். ஆனா இன்னிக்கும் எங்கப்பா கடைக்குப் போனா, ஒம் மவ கைபட்டுத்தான் கம்பெனியே மூடிட்டாங்கன்னு கேலி பேசறாங்க. அவரும் சிரிச்சிட்டு வராரு. எம் புள்ளைங்க ஊருக்கு வந்தா அதுங்க காதுலயும் வுழுவுது. பள்ளிக்கூடத்துல அம்பது புள்ளைங்களுக்கு எங் கையாலதான் அளந்து போட்டு ஆக்கச் சொல்றேன். அத கேள்விப்பட்டு யாராச்சும் அங்க வந்து ஒரு வார்த்த சொன்னா என்னாவும்னு பயந்துக்கிட்டேதான் இருக்கேன்."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்துகொண்டே, வரேங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வந்த வேலையை மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிலில் படுத்திருந்தார். அதெல்லாம் இப்ப எதுக்கு, முடிஞ்சுபோன கதை, அவளுந்தான் நல்லா இருக்கிறாளே என்றார். டீக்கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். ரேடியோ கம்பெனியில் தண்ணீரைக் கெடுத்தது நான், பொய்யாக எழுதினது நான், அந்தப் பெண்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன். ஒருவர் இதுக்குத்தான் அரியலூர்லேர்ந்து வந்தியா என்று கேட்டார். இன்னொருவர் மழை பற்றிப் பேச்செடுத்தார். கடைக்காரர் எனக்கு டீயை நீட்டினார். அவர்கள் நம்பினார்களா, நம்பினாலும் பேச்சை விட்டார்களா, எனக்குத் தெரியாது.

அங்கிருந்து காலனிக்கு நடந்தேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. அவளுடைய அப்பா வெளியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வேப்பமரத்தடியில் அவர் வந்து நின்றபோதே எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் பாதி திரித்த கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ள அன்னிக்கே சொல்லுச்சுங்க" என்றார். "நாந்தான் நம்பல. அவுங்க அப்படிச் செய்ய மாட்டாங்கன்னு அத ஒரு அடி அடிச்சேன்."

கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, வெயில் ஏறுதுங்க, கெளம்புங்க என்றார். நான் கிளம்பினேன்.